இரண்டு சாவி

"தாத்தா, இதுக்கெல்லாம் வைரஸே வராது. கடையிலயே சொன்னாங்க." கல்லூரிக்கென்று மேக்புக் வாங்கி வந்த அன்று பேத்தி சொன்னாள். கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் யாரோ சொல்லிக் கேட்டவர்தான்.

2006இல் ஆப்பிள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் ஓட்டியது. வெள்ளைப் பின்னணியில் இரண்டு பேர். கோட்டு சூட்டு போட்டவர் பிசி; தும்மித் தும்மிச் சோர்கிறார். பக்கத்தில் நிற்கும் இளைஞர் மேக்; அவருக்கு ஒன்றுமில்லை. பிசிக்கு 1,14,000 வைரஸ் உண்டு என்று கணக்கும் சொன்னார்கள். பிறகு பல வருடம் ஆப்பிளின் இணையதளத்தில், மேக்குக்குப் பிசி வைரஸ்கள் வராது என்ற வாசகம் இருந்தது. அது பொய்யில்லை. விண்டோஸுக்காக எழுதிய வைரஸ் மேக்கில் ஓடாது. ஆனால் வாங்குகிறவர் காதில் 'பிசி' என்ற சொல் தங்குவதில்லை, 'வராது' மட்டும் தங்கிவிடுகிறது. வங்கியில் முப்பது வருடம் கடன் பத்திரங்களோடு வாழ்ந்தவன் நான். கண்ணில் படாமல் போன ஒற்றைச் சொல்லால் வீட்டை இழந்தவர்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

2012 ஏப்ரலில் ஃபிளாஷ்பேக் என்ற தீநிரல் வெளிச்சத்துக்கு வந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்குகளில் அது குடியேறியிருப்பதாக ரஷ்யாவின் டாக்டர் வெப் நிறுவனம் அறிவித்தது. கெட்டுப்போன ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தாலே போதும், ஜாவாவில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்துவிடும்; கடவுச்சொல்கூடத் தேவையில்லை. அந்த ஓட்டைக்கு ஜாவாவின் உரிமையாளரான ஆரக்கிள் பிப்ரவரியிலேயே மருந்து தந்துவிட்டது. மேக்குக்கான ஜாவாவை ஆப்பிள் தானே தயாரித்து வழங்கியதால், அந்த மருந்து மேக்குக்கு வந்து சேர ஏப்ரல் ஆகிவிட்டது. எனக்கு மனசு ஆறாதது இந்த இடைவெளிதான். தனக்கு எதுவும் வராது என்று நம்பியவர் அந்த நாட்களில் எதைச் சந்தேகித்திருப்பார்?

ஜூனில் ஆப்பிள் இணையதளத்தின் அந்த வாசகம் மாறியது. பாதுகாப்பாக இருக்கும்படி கட்டப்பட்டது என்று அடக்கமாகச் சொன்னார்கள். 2021இல் எபிக் நிறுவனத்துடனான வழக்கில், மேக்கில் இருக்கும் தீநிரல்களின் அளவு ஏற்கத்தக்கதல்ல என்று ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரேக் ஃபெடரிகியே சாட்சியம் சொன்னார். ஐபோனின் கட்டுப்பாடுகளை நியாயப்படுத்தச் சொன்னதுதான், ஆனாலும் சொன்னார்.

எங்கள் கிளைக்குப் புதுப் பெட்டக அறைக் கதவு வந்தபோது, அதை எந்தத் துளைப்பானும் துளைக்காது என்று பொருத்த வந்தவர் உறுதி சொன்னார். மேலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அன்று மாலையும் காசை இருமுறை எண்ணினோம். அவர் ஒரு சாவி, நான் ஒரு சாவி என்று இரண்டும் போட்டுத்தான் பூட்டினோம்.

இதைப் பேத்தியிடம் சொன்னேன். நேற்று அவள் திரையில் 'அப்டேட்' என்று வந்தது. படம் பார்த்துக்கொண்டிருந்தவள் 'பிறகு' என்பதை அழுத்தப் போனாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். படத்தை நிறுத்திவிட்டு, சார்ஜரைத் தேடி எடுத்துச் செருகினாள்.