வெளிவராத செயலிக்கு ஒரு சோதனை

ஒரு செயலி விற்பனைக்கு வருவதற்கு முன்பே அதற்குரிய இயக்குதளம் எழுதப்பட்டுவிடுகிறது. கையில் இல்லாத வன்பொருளில் நிரலைச் சோதிப்பது எங்ஙனம்? மெய்நிகர் கணினி மென்பொருளில் என்பதே வழக்கமான விடை. அவ்விடையின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது இன்டெல் செயலிகளின் ஐந்தடுக்குப் பக்க அட்டவணை.

64 பிட் என்று பெயர் பெற்ற எக்ஸ்86 செயலிகள் நெடுங்காலம் முகவரியில் 48 பிட்களையே பொருட்படுத்தின. 4096 பைட் அளவுள்ள ஒரு பக்கத்துக்குள் இடத்தைச் சுட்ட 12 பிட். நான்கு அடுக்கு அட்டவணைகளுக்கு அடுக்கொன்றுக்கு 9 பிட். அவை தந்த பரப்பு 256 டெராபைட். இன்னோர் அடுக்கைச் சேர்த்ததும் 57 பிட், 128 பெட்டாபைட் ஆயிற்று. பயன்படாத மேல் பிட்கள் அனைத்தும், பயன்படும் பிட்களுள் உச்சியில் இருப்பதன் நகலாகவே அமைய வேண்டும் என்பது விதி. ஆகவே நான்கடுக்கில் பிழையாகும் ஒரு முகவரி ஐந்தடுக்கில் செல்லுபடியாகலாம். மொழியியல் பயின்றோருக்கு இது புதிதன்று. ஒரு வழக்கில் வழுவாகும் தொடர் மற்றொரு வழக்கில் இயல்பாக வழங்குவதை அவர்கள் அறிவர்.

இவ்வசதிக்கான ஆதரவு 2017இல் கியூஎமு 2.9 பதிப்பிலும், அதே ஆண்டின் இறுதியில் லினக்ஸ் கெர்னல் 4.14 பதிப்பிலும் இடம்பெற்றது. இதனைக் கொண்ட ஐஸ் லேக் வகைச் சர்வர் செயலிகள் வெளியானது 2021இல். இடைப்பட்ட காலத்தில் கியூஎமு என்னும் போலச்செய்யும் மென்பொருளே செயலியின் இடத்தில் நின்றது. அட்டவணையின் ஓர் அடுக்கை நிரல் தவறவிட்டால் மெய்நிகர் கணினி தொடங்கும்போதே நின்றுவிடும். இத்தகைய பிழைகளை வன்பொருள் வரும்வரை காத்திராமல் களைய முடிந்தது பெரும் பயன்.

எனினும் ஓர் ஐயம் எழுகிறது. கெர்னலும் கியூஎமுவும் இன்டெல் வெளியிட்ட ஒரே விவரக்குறிப்பை வாசித்து எழுதப்பட்டவை. அவ்வாவணத்தின் ஒரு வரியை இரண்டும் ஒரே விதமாகத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சோதனை வெற்றி என்றே காட்டும். இலக்கணம் வகுத்தவரே எடுத்துக்காட்டுத் தொடர்களையும் புனைந்து, அவை சரியென்று தீர்ப்பும் கூறுவதை ஒத்தது இது. அங்கே மெய்ப்பிக்கப்படுவது இலக்கணத்தின் உண்மையன்று, அதன் உள் இசைவு மட்டுமே.

ஆவணத்தைச் சரியாகவே புரிந்துகொண்டாலும் எல்லை உண்டு. உண்மைச் செயலி, இறுதி முகவரியை மட்டுமன்றி இடையிலுள்ள அட்டவணைப் பதிவுகளையும் தற்காலிகமாகத் தன்னுள் சேமித்து வைக்கும். கியூஎமுவின் மென்பொருள் முறை அதனை அவ்வாறே போலச்செய்வதில்லை. ஆகவே பழைய பதிவை நீக்க மறந்த நிரல் அங்கே பிழையின்றி ஓடி, மெய்யான செயலியில் தடுமாறக்கூடும்.

இந்த ஆவணத்தைக் காணாத மூன்றாம் தரப்பு ஒன்றும் உண்டு: முன்பே எழுதப்பட்ட பயனர் நிரல்கள். ஜேஐடி தொகுப்பிகள் சில, பயன்படாத மேல் பிட்களில் தம் குறிப்புகளை எழுதி வைத்திருந்தன. முகவரி நீண்டதும் அக்குறிப்புகள் முகவரியின் பகுதியாகிவிடும், நிரல் முறியும். எனவே லினக்ஸ், 47 பிட்டுக்கு மேற்பட்ட பரப்பைத் தானாக எந்த நிரலுக்கும் ஒதுக்குவதில்லை. வேண்டுமென்று கேட்கும் நிரலுக்கே தருகிறது. விவரக்குறிப்பை எத்துணை முறை வாசித்தாலும் இத்தேவை புலப்பட்டிராது. வழக்கைக் கவனித்தே அதனை அறிய முடியும்.

கணினி அமைப்புகள் குறித்த ஆய்வேடுகளில் ‘சோதிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல் அடிக்கடி வருகிறது. மென்பொருள் போலச்செய்தலிலா, மெய்நிகர் கணினிக்கு அடியில் இருக்கும் உண்மைச் செயலியிலா, எந்தப் பழைய நிரல்களை ஓட்டிப் பார்த்து என்று ஒரு வரி கூடுதலாக எழுதப்படுமாயின், அச்சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதை வாசகர் தாமே அளந்துகொள்வர்.