ஒழுகும் ஷாக்கும் ஓர் எடைச் சீட்டும்

"மலையை விட்டு இறங்கினதும் நேரா இங்க கொண்டா தம்பி. டீக்கடையில நிறுத்தாத. சூடு போயிரும்."

மேஸ்திரி கைபேசியில் சொன்ன இந்தக் கட்டளை எனக்கு முதலில் புரியவில்லை. கச்சிராயபாளையம் சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. கரும்பு ஏற்றிக்கொண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்களும், கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கிவரும் பிக்கப் வண்டிகளும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகின்றன. ஸ்பிரிங் பட்டை, புஷ், யூ போல்ட், ஷாக் அப்சார்பர் என்று வண்டியின் அடிப்பக்க வேலைதான் அங்கே எல்லாம். எஞ்சினைத் தொடுவதில்லை.

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கரியாலூர் வழியாக, வளைவு வளைவாக இறங்கி, கோமுகி அணையைக் கடந்து வண்டி வந்து நின்றது. ஓட்டிவந்தவரே உரிமையாளர், மலையாளிப் பழங்குடி இளைஞர். கடனில் வாங்கிய வண்டி, வாரண்டி இன்னும் முடியவில்லை. பின்பக்க இடது ஷாக்கில் ஆயில் ஒழுகுகிறது என்பது அவர் புகார். மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்து, இரண்டு பின் ஷாக்குகளையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னையும் தொடச் சொன்னார். வலதுபக்கம் கையை வைத்திருக்க முடியாத சூடு. இடதுபக்கம் வெதுவெதுப்புகூட இல்லை.

"வேலை செஞ்சா சுடும் சார். இது சும்மா கூட வந்திருக்கு."

பாரத்தைத் தாங்குவது பட்டைதான். ஷாக்குக்கு அந்த வேலை கிடையாது. பள்ளத்தில் அமுங்கிய பட்டை திரும்பத் துள்ளுவதை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. குழாய்க்குள் எண்ணெய், அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டன். நுண்ணிய துளைகள், வால்வுகள் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகும்போது துள்ளலின் ஆற்றல் சூடாக மாறி, குழாய்ச் சுவர் வழியே காற்றில் கரைகிறது. எண்ணெய் போய்விட்டால் அடக்க ஆளில்லை. வண்டி ஊஞ்சலாடும், டயர் திட்டுத் திட்டாகத் தேயும், வளைவில் பின்பக்கம் ஒதுங்கும். கொண்டை ஊசி வளைவில் அது ஒதுங்குவதைப் பற்றி அந்த இளைஞர் விவரித்தபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் எண்ணெய் தெரிந்தாலே ஒழுகல் ஆகிவிடாது. வாரண்டிச் சண்டை எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பிஸ்டன் தண்டு ஏறி இறங்கும்போது குழாய் வாயிலுள்ள சீல் ஒரு மெல்லிய எண்ணெய்ப் பூச்சை அதன்மேல் விட்டுவைக்கும். அது இருந்தால்தான் சீல் உலராமல் உழைக்கும். ஆகவே குழாயின் மேற்பாகத்தில் லேசான ஈரமும் அதில் ஒட்டிய தூசும் குறையல்ல. எண்ணெய் வழிந்து ஷாக்கின் கீழ்முனை வளையம் வரை வந்து, புழுதியோடு குழைந்து சேறாக அப்பியிருந்தால்தான் கேடு. சர்வீஸ் சென்டரில் இந்த வண்டிக்கு முதல் முறை கிடைத்த பதில் "ஈரம்தான், ஓட்டலாம்" என்பது. கொண்டுபோகும் முன் வண்டியைப் பளபளவென்று கழுவியிருந்தார் இளைஞர். சாட்சி தண்ணீரோடு போய்விட்டது.

இரண்டாம் முறை மேஸ்திரி சொல்லிக் கொடுத்து அனுப்பினார். கழுவாதே. ஷாக்கை வெளியில் யாரிடமும் கழற்றக் கொடுக்காதே, என்னிடமும்தான். மீட்டர் தெரிய ஒரு போட்டோ, ஒழுகும் இடம் தெரிய ஒரு போட்டோ எடு. ஜாப் கார்டில் நீ சொன்ன புகாரை அப்படியே எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. எல்லாவற்றையும்விட, பாரம் தாங்கக் கூடுதல் பட்டை சொருகாதே. மலை வண்டிகளில் அது சர்வசாதாரணம். பட்டை ஒன்று ஏறியிருந்தால் வண்டியின் அமைப்பை மாற்றிவிட்டாய் என்று கம்பெனி கைகழுவ அதுவே போதும். பட்டறை வருமானத்தில் பாதி பட்டை சொருகுவதில் வருகிற ஒருவர் இதைச் சொன்னார் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

இந்தத் தடவை படங்கள் கம்பெனிக்குப் போயின, ஒப்புதல் வந்தது, பாகம் வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. வண்டி நின்றால் வாடகை இல்லை, தவணை நிற்பதில்லை. மாற்றியது இடதுபக்கம் மட்டும். ஓர் அச்சில் ஒன்று மாற்றினால் இரண்டையும் மாற்றுவது பட்டறை வழக்கம், இல்லாவிட்டால் புதியது ஒரு விதமாகவும் பழையது வேறு விதமாகவும் அடக்கும். வாரண்டியோ கெட்டதற்குத்தான் பொறுப்பேற்கும். வலதுபக்கத்துக்கு இளைஞர் தன் கைக்காசைப் போட முடிவுசெய்தார்.

அந்த வேலையைப் பட்டறையில் பார்த்தேன். புது ஷாக் கடை அலமாரியில் படுத்தே கிடந்திருக்கும். உள்குழாயில் காற்று புகுந்திருக்கும். மேஸ்திரி அதை நிமிர்த்திப் பிடித்து, தண்டு சீராக, தடங்கலில்லாமல் போய்வரும்வரை அமுக்கி இழுத்தார். மாட்டிய பிறகு நட்டை முழுக்க முறுக்கவில்லை. ஜாக்கியை இறக்கி, வண்டி தன் எடையில் தரையில் உட்கார்ந்த பின்னர்தான் ரிங் ஸ்பேனரை எடுத்தார். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடிபட்டு, வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியுமாம். "எங்க குரு சேலத்துல இதுக்காகவே அடிச்சிருக்காரு சார்."

மேஸ்திரிக்கு ஒரு மனக்குறை உண்டு. வாரண்டியில் கழற்றிய பழைய ஷாக்கைச் சீட்டுக் கட்டி சர்வீஸ் சென்டரே வைத்துக்கொள்ளும். அது கம்பெனியின் சொத்து. அது ஏன் போனது என்று இவரால் பார்க்க முடியாது. வாரண்டி முடிந்த வேறொரு ஷாக்கை எனக்காகத் திறந்தார். உள்ளே வாயு அழுத்தம் இருக்கலாம் என்பதால் முதலில் சிறு துளை போட்டு, விலகி நின்று, பிறகே அறுத்தார். குரோம் தண்டில் நகம் இடறும் அளவுக்கு ஒரு கீறல். மலைச்சாலையின் கல்லோ மண்ணோ பட்டிருக்க வேண்டும். அந்தக் கீறல் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் சீலின் உதட்டை அராவியிருக்கிறது. இதை உற்பத்திக் குறை என்பதா, உபயோகக் குறை என்பதா? மலையில் ஓடத்தான் இந்த வண்டியை விற்கிறார்கள் என்பதால் என் மனம் இளைஞர் பக்கமே சாய்கிறது.

சட்டமும் முழுக்கக் கைவிடவில்லை. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்றுதான் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கியதை வணிக நோக்கம் என்று அது கணக்கில் கொள்வதில்லை. தானே ஓட்டிப் பிழைக்கும் பிக்கப்காரர் இந்த வாசலில் நுழையலாம். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலையிலிருந்து வரும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "வக்கீலுக்கு எவ்ளோ ஆகும் சார்?" என்றார். வக்கீல் இல்லாமலும் புகார் கொடுக்கலாம் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

கிளம்பும்போது மேஸ்திரி இன்னொரு யோசனை சொன்னார். ஜவ்வரிசி மில்லில் கிழங்குக்கு மாவுச்சத்து 'பாயிண்ட்' பார்த்து விலை போடுவதற்கு முன் எடைமேடையில் வண்டியை ஏற்றிச் சீட்டுத் தருவார்கள். அதையெல்லாம் சேர்த்து வை. அடுத்த முறை ஓவர்லோடு என்று சொன்னால் நீட்டலாம்.

இளைஞர் டேஷ்போர்டைத் திறந்து ஒரு சீட்டை எடுத்தார். ஏறக்குறைய ஒன்றரை டன் ஏற்றலாம் என்ற வண்டியில் இரண்டேகால் டன் கிழங்கு போயிருந்தது.

மேஸ்திரி சீட்டைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இத எடுத்துட்டுப் போகாத."

"குறைச்சு ஏத்தினா ரெண்டு நடை ஆகும் மேஸ்திரி. டீசலை யாரு குடுப்பா?"