ஞாயிற்றுப் பெரட்டு

2013 ஜூன் 19, புதன்

மலையைக் காணோம்.

தங்காக்கில் காலையில் கதவைத் திறந்ததும் எல்லார் கண்ணும் முதலில் லேடாங் மலைக்குத்தான் போகும். 1,276 மீட்டர் மலை எங்கே போகும் என்ற நினைப்பு. மேலே மேகம் கட்டியிருந்தால் துணி காயப்போடுவதில்லை. வெளுத்துத் தெரிந்தால் இரண்டாவது வாளித் துணியையும் ஊறப்போடுவேன். இன்று மலையும் இல்லை, அடிவாரமும் இல்லை, எதிர்வரிசைத் துணிக்கடையின் பெயர்ப்பலகைகூட இல்லை. சுமத்ராவில், ரியாவ் பக்கம், கரிமண் காடு எரிகிறதாம். தென்மேற்குக் காற்று அதை அப்படியே கடல் தாண்டிக் கொண்டுவந்து எங்கள் தலையில் கொட்டுகிறது.

“இளவரசி மலையையும் தூக்கிட்டு எங்கயோ போயிட்டா” என்றான் பக்கத்து வீட்டுப் பையன். கதையில் மலாக்கா சுல்தானுக்கே டிமிக்கி கொடுத்த லேடாங் மலை இளவரசிதானே, போவாள்.

நோன்புக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. பாஜு கூரோங் உடுப்பு 19 தைக்க வேண்டும். வெட்டி வைத்த துணி எல்லாவற்றிலும் அடுப்படி வாடை.

ஜூன் 20

பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். மருந்துக்கடையில் மாஸ்க் தீர்ந்துவிட்டது.

ஜூன் 21, வெள்ளி

மகன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டான். அங்கே புகைக் குறியீடு 401 என்று பதறினான். இதுவரை இவ்வளவு ஏறியதே இல்லையாம். “அங்க எப்படிம்மா?” “பரவாயில்ல” என்றேன். சொல்லி முடிக்கும்போதே இருமல். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவன் கூப்பிட்டு ஐந்து வாரம் ஆகிறது. புகை வந்தால்தான் அம்மா ஞாபகம் வரும்போல.

ஜூன் 22, சனி

திருவிருந்து மேசை விரிப்பு என் பொறுப்பு. பதினொரு வருஷமாகச் சனிக்கிழமை துவைத்து, ஞாயிறு காலையில் பெட்டி போட்டு எடுத்துப்போவேன். வெளியே காயப்போட முடியாது என்று இன்று அடுப்படியில் விசிறிக்குக் கீழே கொடி கட்டினேன். சாயங்காலம் பார்த்தால் வெள்ளையில் பொடிப்பொடியாகக் கறுப்பு. விரலால் தட்டியிருக்க வேண்டும். புத்தி கெட்டுப்போய்த் தேய்த்துவிட்டேன். ஒரு புள்ளி ஒரு கோடானது. மறுபடியும் சோப்பு. மறுபடியும் கொடி. இந்தத் தடவை ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்தேன்.

எட்டு மணிக்குப் போதகர் மூவாரிலிருந்து கூப்பிட்டார். “நாளைக்கு யாரும் வர வேணாம்னு சொல்லிடுங்கக்கா. நீங்களே எல்லாருக்கும் ஒரு போன் போட்டுருங்க.”

சபை நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. மொத்தம் 23 பேர், ஒன்பது வீடு.

ஜூன் 23, ஞாயிறு

மூவாரில் காலை ஏழு மணிக்கு 746. எனக்குப் புரிந்த கணக்கு இவ்வளவுதான்: 300 தாண்டினால் ஆபத்து, 500 தாண்டினால் அவசரகாலம். மூவாருக்கும் எங்கள் லேடாங் மாவட்டத்துக்கும் அவசரகாலம் என்று அமைச்சர் பழனிவேல் அறிவித்துவிட்டார். கடைத்தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு.

பத்து மணிக்கு, ஆராதனை தொடங்கும் நேரத்துக்குச் சரியாக, நோட்டை விரித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். நல்லா இருக்கீங்களா, மூச்சு எப்படி, மருந்து இருக்கா. பெயருக்கு நேரே ஒரு டிக். இரண்டாவது வீட்டுக்குள்ளேயே எனக்கு அது பிடித்துப்போயிற்று. எதற்கு மறைக்க வேண்டும்? போதகரே இல்லாமல் சபையை நான் ஒருத்தி கையில் வைத்திருப்பதுபோல இருந்தது.

ஆயாவிடம் மட்டும் மாட்டிக்கொண்டேன். 82 வயது. அவசரகாலம் என்ற வார்த்தையை நான் சொல்லியிருக்கவே கூடாது.

“திரும்ப வந்துருச்சா? அரிசிக்கு அட்டை குடுப்பாங்களா?”

“புகைக்கு ஆயா. வெறும் புகை.”

“அன்னைக்கும் வெறும் சோறுதான்.”

1948-இல் அவசரகாலம் போட்டபோது ஆயாவுக்குப் பதினேழு வயது. பால்மரம் சீவப் போகிறவர்கள் மத்தியானச் சோற்றைக் கட்டிக்கொண்டு போகக்கூடாது, காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். வாசலில் தூக்குவாளியைத் திறந்து காட்ட வேண்டும். திரும்பி வரும்வரை வெறும் வயிறு. பன்னிரண்டு வருஷம் இழுத்தது. ஆயா இதையெல்லாம் முக்கால் மணி நேரம் சொன்னது. நடுவில் நான் இரண்டு தடவை கடிகாரம் பார்த்தேன், இன்னும் நான்கு வீடு பாக்கி. கடைசியில், “அரிசி இருக்கு, அட்டை வேணாம்” என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் ஆயா போனை வைத்தது. டிக்.

தோட்டத்துத் தாத்தா மட்டும் எடுக்கவில்லை. ஆறு முறை அடித்தேன். 81 வயது, தனியாள், ஆஸ்துமா.

ராத்திரி நிலா இன்றைக்கு வழக்கத்தைவிடப் பெரிதாம். யார் பார்த்தது?

ஜூன் 24

எடுக்கவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

அவசரகாலத்தை எடுத்துவிட்டார்கள். குறியீடு இறங்கிவிட்டதாம். தொண்டைக்குத் தெரியவில்லை.

ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு என் கப்சாய் மோட்டாரில் தோட்டத்துக்குப் போனேன். செம்பனைக்கு நடுவே மண் சாலை, பகலிலேயே மோட்டார் விளக்கைப் போட்டுக்கொண்டு. வழியெல்லாம் என்னென்னவோ நினைப்பு. கதவைத் தட்டினால் என்ன பார்க்கப்போகிறேனோ என்று வயிறு கலங்கியது.

தாத்தா வாசலில் நாற்காலி போட்டு வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். போன் சட்டைப் பையில் இருந்தது. சார்ஜும் இருந்தது.

“எடுக்கலையே தாத்தா! ஆறு தடவை அடிச்சேன்.”

“பாத்தேன்.”

“பாத்துமா எடுக்கல?”

“எடுத்தா என்னா கேப்ப? இருக்கியான்னு கேப்ப. இருக்கேன்னு சொல்லணும். என்னம்மா, பெரட்டு எடுக்கிறியா? வரலைன்னா சம்பளம் வெட்டுவியா?”

தாத்தா கங்காணியாக இருந்தவர். விடியும் முன்னால் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பெயர் கூப்பிட்டவர். கணக்கெழுதும் கிராணி புத்தகத்தில் குறிப்பார். பெயருக்குக் குரல் வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. காய்ச்சலில் கிடந்தவனும் குரல் கொடுத்துவிட்டு வந்து படுத்தானாம். பிள்ளை செத்த மறுநாள் ஒருத்தி வந்து நின்றாளாம். “நான் அவ பேரைக் கூப்பிட்டேன். அவ ‘இருக்கேன்’னா. அடுத்த பேருக்குப் போயிட்டேன்.” இதை இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை சொன்னதை மறந்துவிட்டாரோ என்னவோ.

நான் மூக்குத்துண்டை அவிழ்த்துப் பிழிந்துகொண்டிருந்தேன்.

லயத்தில் இப்போது பாதி வீடு பூட்டு, மீதியில் இந்தோனேசியப் பையன்கள். அவர்களில் தாத்தாவின் பக்கத்து வீட்டுப் பையன்தான் அவருக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறான். அவன் ஊர் கடலுக்கு அந்தக் கரையில்தானாம். அங்கே இதைவிட மோசம், அவன் அம்மாவும் இருமுகிறாள் என்று தாத்தாவிடம் மலாயில் சொல்லியிருக்கிறான். தாத்தா எனக்குச் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பாட்டுப் புஸ்தகத்தை எடுத்தேன். இந்தப் பையன் திண்ணையில உக்காந்திருந்தான். நாலு பாட்டு படிச்சேன். அவனுக்கு ஒரு எழுத்து புரியாது. நான் முடிக்கிற வரைக்கும் இருந்தான்.” பிறகு கேட்டார்: “நீங்க என்னா பாடினீங்க?”

நாங்கள் பாடவில்லை. 22 பேரிடம் பேசினேன். பாட்டு என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை.

திரும்பி வரும்போது எரிச்சலாக இருந்தது. இந்த வயதில் இவ்வளவு திமிர் ஆகாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் போனவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கேட்கவில்லை. (கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன்.)

ஜூன் 30, ஞாயிறு

ஆராதனை. 14 பேர். மாஸ்க் போட்டுக்கொண்டு பாடினால் எல்லார் குரலும் ஒரே குரலாகக் கேட்கிறது, யார் சுருதி விலகினார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு வசதிதான். போதகர் இருமி இருமிப் பிரசங்கத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்தார். அதுவும் வசதி. விரிப்பில் அந்தக் கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. தட்டை அதன்மேல் வைத்து மறைத்தேன்.

தாத்தா வரவில்லை. புகையில் வரவேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

மத்தி மீன் குழம்பு. தாத்தாவுக்கு ஒரு டப்பா, பையனுக்கு ஒன்று.

ஜூலை 14, ஞாயிறு

11 பேர்.

புகை போய் இரண்டு வாரம் ஆகிறது, வராதவர்கள் இன்னும் வரவில்லை. வீட்டிலேயே இருந்து பழகிவிட்டார்கள் என்றார் போதகர். ஆராதனை முடிந்து நெஸ்கஃபே குடிக்கும்போது இன்னொரு சங்கதி வெளியே வந்தது. துணிக்கடையில் வேலை செய்யும் இரண்டு பேர், புகை நாளிலிருந்து தினம் ராத்திரி ஒன்பது மணிக்குப் போனில் சேர்ந்து ஜெபம் பண்ணுகிறார்களாம். இப்போது ஐந்து பேராகிவிட்டார்களாம். ஒருத்தி போன் இன்னொருத்தி போனுக்கு, அவள் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டு மாமியாரும் நாத்தனாரும். ஆயாவுக்கு யாரோ தினம் சோறு ஆக்குகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டு, “அரிசி இருக்கா ஆயா?” என்று கேட்கிறார்களாம். ஆயா சிரிக்கிறதாம்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. நோட்டு என் கையில் இருக்கிறது, என்னிடம் சொல்ல வேண்டாமா? வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

ராத்திரி ஒன்பது மணிக்குத் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது சின்னப்பிள்ளைத்தனம் என்று எனக்கே தெரியும்.

ஜூலை 16, செவ்வாய்

தோட்டம். தாத்தா வாயைத் திறக்கவில்லை. பல்வலி.

ஆகஸ்ட் 10

பெருநாள் முடிந்தது. 43 உருப்படி. வலது கட்டைவிரல் மடங்கவில்லை. மூன்று வாரமாக இதில் ஒரு வரி எழுதவில்லை, தோட்டத்துக்கும் போகவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜொகூரில் வெள்ளி, சனிதான் வார விடுமுறை. அறிவிப்பு வந்துவிட்டது. ஞாயிறு பள்ளிக்கூடம், ஞாயிறு அரசாங்க ஆபீஸ். இங்கேயிருந்து மலாக்கா எல்லை ரொம்பத் தூரமில்லை, அந்தப் பக்கம் ஞாயிறு ஞாயிறாகவே இருக்கும்.

ஆராதனை முடிந்ததும் ஒரே சத்தம். வெள்ளி காலைக்கு மாற்றுவோம் என்றது ஒரு கூட்டம். வெள்ளி லீவு என்றால் அன்றைக்குத்தான் கடையில் கூட்டம் அள்ளும், எங்களை யார் விடுவார்கள் என்றார்கள் துணிக்கடைக்காரர்கள். ஞாயிறு ராத்திரி எட்டு மணி என்றார் போதகர். பிள்ளைகளுக்கு மறுநாள் பள்ளிக்கூடம்.

1994 வரைக்கும் இங்கே வெள்ளிதானே லீவு என்று நான் சொன்னேன். நானே ஞாயிற்றுக்கிழமை சீருடை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனவள்தான். அப்போது ஆராதனைக்கு என்ன செய்தோம் என்று கேட்டார்கள். எவ்வளவு யோசித்தும் நேரம் நினைவில் இல்லை. சாயங்காலமா, ராத்திரியா? சீருடையோடு உட்கார்ந்து தூங்கி விழுந்ததும், அம்மா தொடையில் கிள்ளியதும்தான் நினைவில் இருக்கிறது.

நவம்பர் 26, செவ்வாய்

தாத்தாவைக் கேட்டேன். வெள்ளியா, ஞாயிறு ராத்திரியா? “ராத்திரி யாரு என்னைக் கொண்டாந்து விடுவா?” என்றார். வெள்ளி? “வெள்ளிக்கிழமை இந்தப் பசங்கள்லாம் பள்ளிவாசலுக்குப் போயிடுவானுங்க. லயத்துல நான் ஒரு ஆள்தான். வீடு பாத்துக்கணும்.” எதைப் பார்த்துக்கொள்வது? இரண்டு பானையும் ஒரு சைக்கிளும். கேட்கவில்லை.

2014 ஜனவரி 5, ஞாயிறு

முதல் ஞாயிறு ராத்திரி ஆராதனை. ஒன்பது பேர், அதில் இரண்டு பிள்ளைகள் தூங்கிவிட்டன. விரிப்பைப் பகல் முழுக்க வெயிலில் காயப்போட முடிந்தது, அது ஒன்றுதான் லாபம். வெள்ளி காலையில் ஒரு வீட்டில் ஆறு பேர் தனியாகக் கூடிப் பாடினார்களாம். இது ஒரு சபையா, இரண்டு சபையா என்று போதகர் என்னைக் கேட்டார். என்னை எதற்குக் கேட்கிறார்? நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டு பக்கமும் பெயர் எழுதிப் பார்த்தேன். தாத்தா எந்தப் பக்கமும் வரவில்லை. மகனும் வரவில்லை. அவன் பெயர் இன்னும் நோட்டில் இருக்கிறது, நான்தான் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

ஜனவரி 7, செவ்வாய்

தோட்டம். தாத்தா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. பையன் தன் வீட்டிலிருந்து இன்னொரு நாற்காலி கொண்டுவந்து திண்ணையில் போட்டான்.