பஸ்ஸாண்ட போறதுக்குத்தான் காசு

திருநின்றவூர் என்றதும் பெரியவர்களுக்குப் பூசலார் நாயனார் ஞாபகம் வருவார். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டுப் பொருள் தேடி அலைந்தார். கிடைக்கவில்லை. சரி என்று மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டு, கல் அடுக்கி, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளில் காஞ்சியில் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ ராஜா, சுவாமி கனவில் வந்து சொன்னதைக் கேட்டு எங்கள் ஊருக்கு வந்து, 'அந்தக் கோயில் எங்கே?' என்று தேடினாராம். நண்பர்களே, சிவில் மாணவனாகச் சொல்கிறேன், ஃபண்டு இல்லாமலே முடிந்த ஒரே பிராஜெக்ட் அதுதான்!

சென்னைக்கும் அப்படி மனசிலேயே கட்டிய ஒன்று உண்டு. அதன் பெயர் பி.ஆர்.டி.எஸ். பஸ்ஸுக்கென்று ரோட்டில் தனித் தடம், ஏறும் படியின் உயரத்திலேயே மேடை, ஏறுவதற்கு முன்பே டிக்கெட். பிரேசில் நாட்டுக் குரிச்சிபா நகரம் 1974-லேயே இதைத் தொடங்கிவிட்டது. நம் ஊரில் 2010-களில் பேச்சு பலமாக அடிபட்டது. கோயம்பேட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு தடம், அம்பத்தூருக்கு ஒரு தடம் என்று நம் பக்கத்து ஊர்களின் பெயரெல்லாம் அதில் இருந்தது. ஆனால் பல்லவ ராஜாவே நேரில் வந்து தேடினாலும் ஒரு கிலோமீட்டர் கூடக் கண்ணில் படாது.

இது வேண்டாத திட்டம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்கு எளிது. ஒரு லேன் என்பது மூன்றரை மீட்டர் அகலம். அதில் நிமிஷத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 60 பேர் என்றால் மணிக்கு 3,600 பேர். அதே லேனில் ஆளுக்கொரு காராகப் போனால் இதில் பாதி ஜனம் போவதே கஷ்டம். சி.டி.எச். ரோட்டில் காலை எட்டரைக்கு நின்று பாருங்கள். ரோடு முழுக்க வண்டி, வண்டிக்குள் ஒரே ஆள். நடுவில் நம் பஸ் படியில் தொங்கும் ஜனத்தோடு முக்கிக்கொண்டு நிற்கும்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது அல்லவா, அதனால் அம்மா ரயில் சீசனை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு மாறினார். ஒரு நாள் ராத்திரி நான் சும்மா இருக்காமல், "இப்ப உனக்குப் போக்குவரத்துச் செலவே இல்லல்லம்மா?" என்று கேட்டேன். அரிசி களைந்துகொண்டே சொன்னார்: "பஸ்ஸுக்குக் காசு இல்லடா. பஸ்ஸாண்ட போறதுக்குத்தான் காசு."

எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டு ஸ்டாப் 1,900 மீட்டர். சர்வே வகுப்பில் கற்ற தைரியத்தில் டேப் பிடித்து நானே அளந்தது. பாதி தூரத்துக்குத் தெருவிளக்கு இல்லை. நடைபாதை என்று ஒன்றுமே இல்லை. மழைக்காலத்தில் எது ரோடு, எது பள்ளம் என்று தெரியாது. ஆகவே ஷேர் ஆட்டோ. போக 20, வர 20. மாசம் 26 ஷிப்டுக்கு 1,040 ரூபாய். இலவச பஸ்ஸில் போகிற ஒரு அம்மாவின் பயணச் செலவு இது! ஷிப்ட் முடிந்து லேட்டாகிவிட்டால் ஷேர் ஆட்டோவும் இருக்காது. அப்போது நானோ அப்பாவோ டார்ச்சோடு எதிரே போவோம்.

பி.ஆர்.டி.எஸ். பற்றிப் படிக்கப் படிக்க இதே கதைதான் மற்ற ஊர்களிலும். அகமதாபாத்தில் ஜன்மார்க் 2009 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. ஜவஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டத்தில் பெரிய நகரங்களுக்கு மத்திய அரசு 35 சதவீதம், மாநில அரசு 15 சதவீதம், மீதியை உள்ளூர் போட வேண்டும் என்று கணக்கு. பணம் வந்தது, தடமும் வந்தது. ஆனால் ரோட்டின் நடுவே இருக்கும் நிலையத்துக்கு ஜனம் நடந்து போவதே பாடு என்பதுதான் அங்கே அதிகம் கேட்ட குறை. டில்லியில் 2008-இல் திறந்த 5.8 கிலோமீட்டர் தடத்துக்கு எதிராகக் கேஸ் போட்டார்கள். 2012-இல் ஹைகோர்ட் தடத்தின் பக்கம்தான் நின்றது. இருந்தும் கார்க்காரர்களின் கோபம் ஓயவில்லை. 2016-இல் உடைத்தே எடுத்துவிட்டார்கள்.

இப்போது நம் பக்கம் வருவோம். கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை மெட்ரோவுக்கு 2025-இல் திட்ட அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். 21.76 கிலோமீட்டர், 9,928 கோடி ரூபாய். வரட்டும், சந்தோஷம். ஆனால் வகுத்துப் பாருங்கள், மீட்டருக்கு 45 லட்சத்துக்கு மேல்! அதுவும் அவுட்டர் ரிங் ரோட்டோடு நின்றுவிடும். திருநின்றவூருக்கு மறுபடியும் ஷேர் ஆட்டோதான்.

எங்கள் தெருவில் 1.8 மீட்டர் அகலத்துக்கு ஒரு பக்கம் நடைபாதை போட்டால் 3,420 சதுர மீட்டர். கல் பதித்து, விளக்குக் கம்பமும் நட்டால் ஆகும் செலவு அந்த மெட்ரோவின் சில மீட்டருக்குள் அடங்கிவிடும். அப்புறம் ஏன் நடக்கவில்லை? சி.டி.எச். ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது. ஸ்டேஷன் ரயில்வேயுடையது. எங்கள் தெரு நகராட்சியுடையது. 2021-இல்தான் பேரூராட்சியிலிருந்து நகராட்சியானோம், கையில் எவ்வளவு இருக்கும்? இந்த நாலையும் ஒரே கயிற்றில் கட்டத்தான் 2010-இல் சட்டம் போட்டு கும்டா என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் வந்தது. சட்டம் அமலுக்கு வரவே 2019 ஆகிவிட்டது என்பது வேறு விஷயம்.

பாடி முதல் திருநின்றவூர் வரை சி.டி.எச். ரோட்டை அகலப்படுத்துவது ரொம்ப வருஷப் பேச்சு. அகலமாகும் அன்றைக்கே ஒரு லேனை பஸ்ஸுக்கு ஒதுக்கச் சொல்ல வேண்டும். அதற்கு மாநில அரசிடம் பணம் கேட்கும்போது, ஸ்டாப்பிலிருந்து இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்கு நடைபாதை, விளக்கு, சின்ன பஸ் எல்லாவற்றையும் அதே எஸ்டிமேட்டில் சேர்த்துக் கேட்க வேண்டும். பிறகு பார்ப்போம் என்று விட்டால் அந்த 'பிறகு' வராது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால், தடத்தை விட்டுவிட்டு நடைபாதையை வாங்கிக்கொள்வேன். சார் திட்டினாலும் பரவாயில்லை!

நகராட்சி ஆணையருக்கும் கும்டாவுக்கும் கொடுக்க ஒரு மனு எழுதி, கூடவே தெருவின் பிளானும் வரைந்து வைத்திருக்கிறேன். வேப்பம்பட்டு, நெமிலிச்சேரி, பட்டாபிராம் நண்பர்கள் அவரவர் தெருவிலிருந்து ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று அளந்து கொண்டு வந்தால் அதையும் சேர்த்துவிடலாம். டேப் என்னிடம் இருக்கிறது. மத்தியான இடைவேளையில் டிராயிங் ஹாலில்தான் இருப்பேன்.

— இறுதியாண்டு சிவில் மாணவன், திருநின்றவூர்