தோட்டம் பார்க்கப் போனோம்

கொஸ்லந்தையிலிருந்து பெரகல வரை ஒரு பஸ், அங்கிருந்து அப்புத்தளைக்கு இன்னொன்று, பிறகு மூன்று கிலோமீட்டர் நடை. இவ்வளவு கிட்ட இருந்தும் கம்பஸ் லீவில்தான் நாங்கள் மூன்று பேரும் முதல்தடவை அடிஷாம் பங்களாவைப் பார்த்தோம்.

1931இல் சர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரத் துரை கட்டியது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள லீட்ஸ் கோட்டையின் சாயல். அடிஷாம் என்ற பெயரும் கென்டிலுள்ள ஒரு கிராமத்தினுடையது. ஊர் ஞாபகம் வந்தால் ஊரையே கட்டிக்கொள்ள முடிந்திருக்கிறது மனுசனுக்கு! இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். ஜாம் விற்கிறார்கள். ஒரு போத்தல் வாங்கினோம்.

மறைக்க என்ன இருக்கு, எங்களுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. அதுதான் உறுத்தியது. கல்சுவரில் கை வைத்துப் பார்த்தோம். காய்ந்திருந்தது. எங்கள் லயத்துச் சுவர் மழைக்காலத்தில் வியர்க்கும்.

அந்தச் சுவரடியில் நின்றபோது மூன்று பேருக்கும் மீரியபெத்தை ஞாபகம் வந்தது. 2014 ஒக்டோபர் 29, காலை. நாங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். மலை சரிந்து லயங்களை அப்படியே மூடியது. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தார்களாம். சொன்னது சரி, போக வேறு வீடு? மேலே கல்கோட்டை, கீழே தகரக்கூரை. இரண்டின் மேலும் பெய்தது ஒரே மழைதான்.

வெளியே புல்தரை, ரோஜா, அளந்து வெட்டிய வேலி. "கவ்வாத்து நல்லாத்தான் பண்ணியிருக்காங்க" என்றாள் எங்களில் ஒருத்தி. சிரித்துவிட்டோம். யார் வெட்டியிருப்பார்கள் என்று யோசித்ததும் சிரிப்பு நின்றது. இடுப்பளவுக்கு மலையையே மட்டமாக வெட்டி வைத்திருக்கும் கைகள் எங்கள் வீட்டிலும் இருக்கின்றன. அதைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுப்பதில்லை.

இருட்டிய பிறகுதான் வீடு வந்தோம். அப்பாயி ஜாம் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்க என்னத்த பாத்தீங்க?"

"தோட்டம், அப்பாயி."

"அடியே, தோட்டத்தப் பாக்கவா பஸ்ஸுக்குக் காசு குடுத்துப் போனீங்க?"