அப்பா சொன்ன சொல்

போன ஆடியில் எங்கள் அலுவலகத்தில் அரைநாள் பயிற்சி வைத்தார்கள். மீட்டிங் அறையில் விளக்கைக் குறைத்து, ஆளுக்கொரு உலர்திராட்சையை உள்ளங்கையில் வைத்து, ஐந்து நிமிடம் அதை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். சுருக்கங்களைப் பார், முகர்ந்து பார், நாக்கில் உருட்டு, பிறகு மென்று விழுங்கு. இதற்கு மைண்ட்ஃபுல்னெஸ் என்று பெயர் சொன்னார்கள். எனக்குப் பிடித்திருந்தது. மாதக் கணக்கு முடிக்கிற வாரம் அது. ஒரு திராட்சையோடு ஐந்து நிமிடம் சும்மா இருக்கக் கிடைத்ததே பெரிய ஓய்வாகத் தெரிந்தது. அவர்கள் சொன்ன செயலியையும் போனில் இறக்கிக்கொண்டேன்.

அன்றிரவு அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது இதைச் சொன்னேன். அவருக்குப் பக்கவாதம் வந்து அப்போது ஏழு மாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாம் பேசுவது எல்லாம் அவருக்குப் புரியும். அவர் பேசுவதுதான் குழறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் எலும்பு அழுத்துகிற இடத்தில் ரத்தம் ஓடாமல் தோல் கெட்டுப் புண்ணாகிவிடும். பகலில் ஒரு அக்கா வந்து பார்த்துக்கொள்கிறார். இரவு என் முறை.

"தமி...ழ்ல?" என்றார் அப்பா.

31 ஆண்டுகள் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். புதிதாக ஒரு ஆங்கிலச் சொல் காதில் விழுந்தால் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

"தெரியலப்பா. விழிப்புணர்வுன்னு சொல்லலாமா?"

இல்லை என்று தலையசைத்தார். உதடு கோணியது. "போச்சா..." என்று இழுத்தார். கொஞ்சம் பொறுத்து, "...மை" என்றார்.

பேனாவில் மை போச்சா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். அலமாரியிலிருந்து அவருடைய சிவப்புப் பேனாவை எடுத்து வந்து ஒரு காகிதத்தில் கிறுக்கிக் காட்டினேன். "இருக்குப்பா, தீரல." பேனாவை அவர் இடது கையில் வைத்தேன். அதைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் கேள்விக்காவது பதில் கண்டுபிடிப்போம் என்றுதான் தேடத் தொடங்கினேன். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் தமிழில் எதைச் சொல்லலாம் என்றும் தெரிந்துவிடும், சில நாளில் முடிந்துவிடும் என்று எண்ணினேன். எட்டு மாதம் ஆயிற்று.

உலர்திராட்சை வந்த வழி எளிதில் கிடைத்தது. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் என்பவர் எட்டு வாரப் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தார். மூலக்கூறு உயிரியல் படித்தவர். மருத்துவர்கள் இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று விட்டுவிட்ட நாள்பட்ட வலிக்காரர்களைத்தான் தன்னிடம் அனுப்பச் சொன்னார். அந்தப் பயிற்சியின் பேரப்பிள்ளைதான் எங்கள் மீட்டிங் அறைக்கு வந்திருந்தது. முதலில் அது வலியில் கிடந்தவர்களுக்காக வந்தது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கபாட்-ஜின் யார் யாரிடம் கற்றார் என்று பின்னால் போனபோது வியட்நாம் துறவி திக் நியட் ஹான் வந்தார். பாத்திரம் கழுவும்போது பாத்திரத்தைக் கழுவு என்று அவர் சொன்ன புத்தகம் உலகம் முழுக்க ஓடியது. அது புத்தகமாக எழுதப்பட்டதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். போர் நடந்த நாட்களில் அவர் இளைஞர்களைத் திரட்டிச் சமூக சேவைப் பள்ளி ஒன்றை நடத்தினார். குண்டு விழுந்த ஊர்களுக்குப் போய் வீடு கட்டிக்கொடுப்பதும், பள்ளிக்கூடமும் மருந்தகமும் அமைப்பதும் அவர்கள் வேலை. எந்தத் தரப்பிலும் சேராததால் இரண்டு தரப்பும் சந்தேகித்தன. அவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள். நாடு திரும்ப முடியாமல் பிரான்சில் இருந்த திக் நியட் ஹான், 1974-இல் அந்தப் பள்ளியின் ஊழியர் ஒருவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். இவ்வளவு சாவுக்கு நடுவே கோபமும் சோர்வும் தின்றுவிடாமல் எப்படி வேலையைத் தொடர்வது என்பதற்காக எழுதிய கடிதம். பாத்திரம் கழுவுவது அதில்தான் வருகிறது.

இதைப் படித்த இரவு வெகுநேரம் விழித்திருந்தேன். நான் செயலியில் கண்மூடி உட்கார்ந்தது என் படபடப்பு அடங்குவதற்கு. அதில் தப்பில்லை, படபடப்பும் உண்மைதான். ஆனால் அந்தக் கடிதம் எழுதப்பட்டது அடுத்தவர் வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு.

இந்தத் தியானம் வந்த இன்னொரு வழியான பர்மாவிலும் தேடினேன். அங்கே ஊ பா கின் என்பவரைப் பார்த்ததும் கணக்குப் பிரிவுக்காரியான எனக்கு ஒரு சொந்தம் தோன்றியது. 1948-இல் விடுதலை பெற்ற பர்மாவின் தலைமைக் கணக்காயர் அவர். அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் கற்றுக்கொடுத்தார். மாண்டலேயில் பிறந்த கோயங்கா அவரிடம் கற்று 1969-இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பத்து நாள் முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது. சமைப்பவர்களும் மணியடிப்பவர்களும் முன்பு அங்கே உட்கார்ந்து எழுந்தவர்கள், சம்பளமில்லாமல் வருகிறவர்கள்.

சரி, சொல்? அதற்காகச் சில சனிக்கிழமைகள் அடையாறு நூலகத்துக்குப் போனேன். பகலுக்கு வரும் அக்கா அந்த நாட்களில் கூடுதலாக இரண்டு மணி நேரம் இருந்தார். அவர் இல்லாமல் இந்தத் தேடலே இல்லை.

ஆங்கிலச் சொல்லை இந்தப் பொருளில் நிலைக்கவைத்தவர் ரைஸ் டேவிட்ஸ். இலங்கையில் ஆங்கிலேய அரசின் அதிகாரியாக இருந்தவர். அவர் முன் வந்த ஒரு வழக்கில் பாலி மொழி ஆவணம் இருந்தது, நீதிமன்றத்தில் அதைப் படிக்க ஆளில்லை. அதற்காகவே ஒரு பிக்குவிடம் போய்ப் பாலி கற்கத் தொடங்கினார். வேலை போன பிறகும் மொழியை விடவில்லை. 1881-இல் பாலி நூல் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு வெளிவந்த தன் மொழிபெயர்ப்பில் புத்தர் சொன்ன எண்வழிப் பாதையின் ஏழாவது உறுப்புக்கு இந்தச் சொல்லை வைத்தார்.

பாலியில் அது சதி. வடமொழியில் ஸ்மிருதி. இரண்டுக்கும் பொருள் நினைவு.

அங்கே கொஞ்சம் தடுமாறினேன். இந்த நொடியில் இரு, பழசை நினைக்காதே என்றுதானே செயலி சொல்கிறது? மூலச்சொல் நினைவு என்கிறதே? விடை விசுத்திமக்கத்தில் இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் இருந்து அதை எழுதியவர் புத்தகோசர். காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற தேரரோடு தான் தங்கியிருந்ததைத் தன் உரை ஒன்றின் முடிவில் குறித்து வைத்திருக்கிறார். நம் ஊர்த் தெருவில் நடந்தவர்தான். சதி என்றால் மிதந்து போய்விடாமல் இருப்பது, அதன் வேலை மறந்துபோகாமை என்கிறார். சுரைக்குடுக்கை தண்ணீரில் அலைவதுபோல் மனம் மேலாக மிதக்கக் கூடாது. செய்யவேண்டியது எது என்பது கைவிட்டுப் போகக் கூடாது. மறவாமை. 'மறவாமை' என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். அப்பாவுக்குச் சொல்லலாம் என்று சந்தோஷமாக இருந்தது.

அந்தப் புத்தகங்களிலேயே இன்னும் இரண்டு இடங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. சதியைப் பற்றிய பகுதியில் ஒரு கழைக்கூத்தாடி வருகிறார். மூங்கிலை நிறுத்தி, சீடனைத் தோளில் ஏற்றி, நீ என்னைப் பார்த்துக்கொள், நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். சீடன் மறுக்கிறான். நீங்கள் உங்களைப் பாருங்கள், நான் என்னைப் பார்க்கிறேன், அப்போதுதான் பத்திரமாக இறங்குவோம் என்கிறான். சீடன் சொன்னதே முறை என்கிறார் புத்தர். அதோடு நிறுத்தியிருந்தால் அது செயலிக்குச் சரியாக இருந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. தன்னைக் காப்பவன் பிறரைக் காக்கிறான், பிறரைக் காப்பவன் தன்னையும் காக்கிறான் என்று முடிக்கிறார். பொறுமையாலும், தீங்கு செய்யாமையாலும், அன்பாலும், இரக்கத்தாலும் பிறரைக் காப்பது என்று விளக்கமும் தருகிறார். தோளில் ஒருவர் நிற்கும்போதுதான் கால் எங்கே இருக்கிறது என்று முழுதாகத் தெரியும். அப்பாவைக் குளியலறைக்குத் தாங்கிக்கொண்டு போகிற யாருக்கும் இது புரியும்.

இன்னொன்று விநய நூலில் வருவது. வயிற்றுப்போக்கில் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தர் பார்க்கிறார். உன்னைப் பார்க்க ஆளில்லையா என்று கேட்கிறார். நான் யாருக்கும் எதுவும் செய்ததில்லை, அதனால் எனக்கும் யாரும் செய்யவில்லை என்கிறார் அந்தப் பிக்கு. உடன் வந்த சீடர் ஆனந்தரிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிப் புத்தர் ஊற்றுகிறார், ஆனந்தர் கழுவுகிறார். தலைப்பக்கம் ஒருவரும் கால்பக்கம் ஒருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். நல்ல செவிலிக்கு என்னென்ன வேண்டும் என்றும் அங்கே சொல்லப்படுகிறது. மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிய வேண்டும். ஆதாயத்துக்காக அல்லாமல் அன்பால் செய்ய வேண்டும். மலம், சிறுநீர், வாந்தி, எச்சிலை அருவருக்கக் கூடாது. அவ்வப்போது நல்ல பேச்சால் நோயாளிக்குத் தெம்பு தர வேண்டும். இதை வாசித்தபோது எனக்கு எங்கள் அக்காவின் முகம்தான் வந்தது. கஞ்சி ஊட்டும்போது என்னிடம் ஒருமுறை சொன்னார்: "ஸ்பூனைப் பாக்காதம்மா, ஐயா தொண்டையைப் பாரு. முழுங்கிட்டாரான்னு தெரிஞ்சுதான் அடுத்தது."

அந்த வாரம்தான் எனக்குப் பதவி உயர்வு வந்தது. இரவு ஒன்பது மணிக்கு மின்னஞ்சல் வந்தது. பிறகு தொலைபேசி, வாழ்த்து, குழுவில் குறுஞ்செய்திகள். பேசிக்கொண்டே மொட்டைமாடிக்குப் போனேன். இறங்கி வந்தபோது மணி ஒன்று. அப்பா பத்து மணிக்குப் புரண்டிருக்க வேண்டியவர், பன்னிரண்டுக்கு மறுபடியும். அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் கேட்டிருக்காது. இடுப்பில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுத்து மீள வேண்டும், வெளுக்கவில்லை. புண்ணாவதற்கு முந்தைய நிலை அதுதான். மறவாமை என்று அடிக்கோடிட்டு எழுதிய குறிப்பேடு மேசையில் கிடந்தது. அவரைப் புரட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

சிவப்பு மறைய ஒன்பது நாள் ஆயிற்று. மறைந்த பிறகுதான் மறுபடி சொல்லிடம் வர எனக்கு மனம் வந்தது. மறவாமைக்கு அப்பாவின் அகராதிகளில் வேறு என்ன சொல் இருக்கிறது என்று புரட்டினேன். மறதி, சோர்வு, கடைப்பிடி, பொச்சாப்பு. பொச்சாப்பு என்ற சொல்லில் கை நின்றது. குறளில் 54-ஆவது அதிகாரம்.

பொச்சாவாமை.

போச்சா... மை.

முதல் நாளே சொல்லியிருக்கிறார். நான் பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அந்த அதிகாரம் எனக்குப் புதிதும் அல்ல. பள்ளி விடுமுறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீட்டுக்குக் கொண்டுவரும் புரூஃபுக்கு நான்தான் கையெழுத்துப் பிரதியைப் பிடித்துக்கொண்டு வாசிப்பேன். குறள் உரை ஒன்றும் அப்படி வந்தது. நான் வாசிக்க வாசிக்க, அப்பா அச்சான தாளில் கண்ணை ஓட்டுவார். தப்பு இருந்தால் விரலால் மேசையில் ஒரு தட்டு. நிறுத்து, திரும்பப் படி என்று அதற்குப் பொருள்.

எடுத்து முழுதும் படித்தேன். அரசனுக்குச் சொல்லுகிற பகுதி அது. சுற்றத்தாரைத் தழுவிக்கொள்வதைச் சொல்லும் சுற்றந்தழால் முடிந்த உடனே வருகிறது. அளவு கடந்த கோபத்தைவிடத் தீயது மகிழ்ச்சி மயக்கத்தில் வரும் மறதி என்றுதான் வள்ளுவர் தொடங்குகிறார். துக்கத்தில் மறப்பதை அல்ல, சந்தோஷத்தில் மறப்பதை. வருமுன் காக்காமல் சோர்ந்தவன் பின்னால் தன் பிழையை எண்ணி வருந்துவான் என்றும் ஒரு குறள். மொட்டைமாடியில் நான் நின்ற நேரத்தை அவர் அருகிலிருந்து பார்த்ததுபோல் இருந்தது. புத்தகோசரும் வள்ளுவரும் ஒருவரையொருவர் படித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மனம் நழுவுகிற இடத்தை இருவரும் கவனித்திருக்கிறார்கள்.

இரவு பத்து மணிக்கு அப்பாவை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் திருப்பினேன். முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். குதிகால் மெத்தையில் படாமல் துணியைச் சுருட்டி வைத்தேன். அவர் முகத்துக்கு நேரே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

"பொச்சாவாமை. அதத்தானப்பா சொன்னீங்க?"

கண்ணைத் திறந்து என்னை நன்றாகப் பார்த்தார். உதடு அசைய நேரமாயிற்று. காத்திருந்தேன்.

"அன்...னிக்கே."

"ஆமாப்பா. எனக்குத்தான் கேக்கல."

புத்தகத்தை விரித்து அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். ஐந்தாவது குறளில் ஒரு சொல்லை விழுங்கிவிட்டேன் போலிருக்கிறது. அப்பாவின் இடது கை ஆள்காட்டி விரல் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு தட்டியது. நிறுத்தி, அந்த வரியைத் திரும்பப் படித்தேன்.