பொள்ளாச்சியில் மைனஸ் 40 டிகிரி

பங்குனி வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்கேனர் திரையிலோ ஒரு காரின் கூலன்ட் சூடு மைனஸ் 40 டிகிரி. பொள்ளாச்சி உடுமலை ரோட்டை ஒட்டிய அந்தப் பட்டறையில் நான் பார்க்கப் போயிருந்தது கார் எலக்ட்ரீஷியன்களின் வேலையை. திரையில் அந்த எண்ணைக் கண்டதும் அங்கிருந்த எலக்ட்ரீஷியன் என்னிடம், "எலியா இருக்கும் பாருங்க" என்றார்.

கூலன்ட் சென்சார் என்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு துண்டு. பெரும்பாலான கார்களில் 20 டிகிரியில் 2000, 3000 ஓம் காட்டும். என்ஜின் நன்றாகக் காய்ந்ததும் 300 ஓம் பக்கம் வந்துவிடும். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ 5 வோல்ட் அனுப்பி அந்தத் தடையைச் சூடாகக் கணக்கிடுகிறது. எங்காவது இணைப்பு அறுந்தால் தடைக்கு எல்லையே இல்லை. ஈசியூ அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்கிறது.

அறுந்தது சென்சாருக்கு உள்ளேயா, வயரிலா? சென்சாரில் மாட்டியிருந்த கப்ளரைக் கழற்றி அதன் இரண்டு பின்களையும் மெல்லிய கம்பியால் இணைத்தார். வயர் சரியாக இருந்தால் திரை அந்த நொடியே எதிர்ப்பக்கம், கொதிக்கும் சூட்டுக்குத் தாவ வேண்டும். மைனஸ் 40 அசையவில்லை. "சென்சார் மேல தப்பு இல்லைங்க." வயர்க் கட்டான ஹார்னஸின் மேலுறையைப் பிரித்துக்கொண்டே போனார். பேட்டரிக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில், பல்லால் நறுக்கிய இரண்டு முனைகள். பக்கத்தில் தேங்காய் நாரால் கட்டிய கூடு.

கார் ஒரு தோப்பு வீட்டுக்காரருடையது. ஏற்கெனவே வேறொரு பட்டறையில் புது சென்சார் மாட்டியிருக்கிறார்கள். செக் என்ஜின் லைட் அணையவில்லை. ஸ்கேனர் காட்டும் கோளாறுக் கோடைப் படித்துப் பார்ட்ஸ் மாற்றும் வழக்கம் எங்கும் பரவிவிட்டது. கோடு சொல்வதோ 'இந்தச் சுற்றில் ஏதோ கோளாறு' என்பதை மட்டும். சுற்று என்றால் சென்சார், கப்ளர், வயர், எர்த் எல்லாமும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு வண்டிகளில் சென்சார்கள் இன்னும் கூடியிருக்கின்றன. தேட வேண்டிய வயரும் அதற்கேற்ப நீண்டிருக்கிறது.

அறுந்த முனைகளைச் சுரண்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவைச் சூடுகாட்டிச் சுருக்கினார். முறுக்கி டேப் சுற்றினால் பானெட் சூட்டில் பசை உருகிக் கழன்றுவிடும் என்றார். மீட்டர் முனையைக் கப்ளர் துளைக்குள் திணிக்க உதவிப் பையனை ஒருபோதும் விடுவதில்லை. உள்ளே இருக்கும் பின் அகன்றுவிட்டால், அன்று இல்லாத லூஸ் காண்டாக்ட் மறுமாதம் வரும்.

அடுத்து நின்றது இழுவை குறைந்த ஒரு டீசல் வண்டி. நார் மில் பக்கம் ஓடுவது. ஏர் ஃபில்டரைத் தட்டியதும் பழுப்புத் தூள் கொட்டியது. காற்றின் அளவைச் சொல்லும் சென்சாருக்குள் சூடேற்றிய நுண்ணிய கம்பியோ தகடோ இருக்கிறது. ஓடும் காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதே கணக்கு. தூசு போர்த்தினால் காற்று குறைவாக வருவதாக ஈசியூ நம்பி, டீசலையும் குறைத்துவிடும். அவர் அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயைத் தள்ளி நின்று அடித்தார். துணி படவில்லை, பிரஷ் படவில்லை. கார்புரேட்டர் கிளீனரும் கூடாது. முழுதாக உலர்ந்த பிறகே மாட்டினார். வீட்டிலும் இதைச் செய்யலாம், கை அடக்கம் இருந்தால்.

பட்டறையின் மறுகோடியில் வாட்டர் வாஷ் செய்யும் பெரியவர். முன்பெல்லாம் என்ஜினுக்கு டீசல் அடித்துக் கழுவியவர் இப்போது டீசலைத் தொடுவதில்லை. கூலன்ட் ஹோஸின் ரப்பர் டீசலில் ஊறினால் உப்பி இளகிவிடும். மிஞ்சும் பிசுக்கில் புழுதி அப்பும். கழுவ வந்திருந்த காரின் என்ஜின் கை பொறுக்கும் அளவு ஆறும் வரை காத்திருந்தார். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஈசியூ, ஏர் ஃபில்டர் வாய் ஆகியவற்றைப் பாலிதீனால் மூடினார். பிசுக்கு நீக்கியைத் தடவிப் பிரஷால் தேய்த்து, தண்ணீரைத் தெளித்துக் கழுவினார். பிரஷர் கன்னைக் கப்ளருக்கு நேராகப் பிடித்தால் ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே போகும் நீர் பின்களில் களிம்பேற்றும். கடைசியில் பிளக் குழிகளில் காற்றடித்தார். அங்கே நீர் தேங்கினால் என்ஜின் மிஸ் அடிக்கும். வீட்டில் கழுவுகிறவர்கள் அவசரப்படுவது இந்த உலர்த்தலில்தான். பளபளப்புக்காக சிலிகான் ஸ்ப்ரே அடிக்கவும் அவர் சம்மதிப்பதில்லை. சிலிகான் புகை என்ஜினுக்குள் போனால் ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுவிடும்.

தோப்புக்காரர் வந்தார். செக் லைட் அணைந்ததில் அவருக்கு நிம்மதி. கூலியைக் கேட்டதும் முகம் மாறியது. "பார்ட்ஸ் ஒண்ணும் மாத்துலயேங்க?" முந்தைய பட்டறையில் தேவையில்லாத சென்சாருக்குக் கேட்ட விலையைக் கொடுத்த மனிதர்தான். உண்மையான கோளாறைக் கண்டுபிடித்ததற்குக் கூலி கேட்டபோது அவர் மனம் ஒப்பவில்லை. எனக்கு இது ஆறவில்லை. கையில் சாமானோடு போகாவிட்டால் வேலையே நடக்கவில்லை என்று வாடிக்கையாளர் நினைக்கும் வரை, தெரிந்தே பார்ட்ஸ் மாற்றுகிற பட்டறைதான் பிழைக்கும். வயரைத் தேடுகிறவருக்கு வருமானம் இராது.

எலக்ட்ரீஷியன் கோபப்படவில்லை. நறுக்கிய வயர்த் துண்டை எடுத்துக் காட்டி, எங்கிருந்தது என்று பானெட்டைத் திறந்து விளக்கினார். தோப்புக்காரர் குனிந்து பார்த்தார், கேட்ட பணத்தைக் கொடுத்தார். அதற்குப் பிறகு, பானெட்டைத் திறக்கும் முன்பே, பார்ட்ஸ் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் சோதனைக் கூலி தனி என்று சொல்லிவிடுகிறாராம். கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அந்தக் கூலியைப் பில்லில் முதல் வரியாகவே எழுதச் சொன்னேன். "எழுதீரலாமுங்க" என்றார்.